கண்ணாடி இழை இணைப்பு: சேதாரம் முனையில்தான்

பில் போடுவதும், யு.பி.ஐ. வழியே பணம் பெறுவதும், ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புவதும் இன்று கண்ணாடி இழை இணைப்பை நம்பியே நடக்கின்றன. மாலை வியாபார நேரத்தில் இணைப்பு நின்றுவிட்டால், கையில் ரொக்கம் இல்லாத வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். நாம் கம்பெனியைக் குறை சொல்கிறோம். ஆனால் பழுது பல நேரங்களில் நம் கடைக்குள், மோடம் பெட்டியில் செருகியிருக்கும் சிறு கனெக்டரில் இருக்கிறது.

சரக்கு லாரியில் வரும்போது சேதாரம் குறைவு; ஏற்றி இறக்கும் இடத்தில்தான் அதிகம். ஒளிக்கும் அதே கணக்குதான். நல்ல இழையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 டெசிபெல் குறையும். சரியாகப் போடாத ஒரே முனையில் 1 டெசிபெல்லுக்கு மேல் போய்விடும். 3 டெசிபெல் குறைந்தால் பாதி ஒளி போயிற்று என்று பொருள்.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. நிறம்: பச்சை முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல முனைக்குச் சாய்வு இல்லை. பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம்தான் சேரும். மாற்றிச் செருகினாலும் உள்ளே போகும். ஆனால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி பெருமளவு வீணாகும்.

2. தயாரிப்பு: கையால் மாட்டும் 'ஃபாஸ்ட் கனெக்டர்' செலவு குறைவு. ஆனால் இழையை வெட்டுபவரின் கைநேர்த்தியைப் பொறுத்தே அது உழைக்கும். தொழிற்சாலையில் முனை போட்டு வரும் 'பிக்டெயில்' வாங்கி, இயந்திரத்தில் உருக்கி ஒட்டச் சொல்வதே நல்லது. சோதித்த அளவு 0.3 டெசிபெல்லுக்குள் இருக்கட்டும்.

3. தூசு: ஒளி செல்லும் பாதையின் அகலம் சுமார் 9 மைக்ரான். மைதாவும் மிளகாய்த்தூளும் பறக்கும் கடையில் ஒரு துகள் போதும், வழி அடைபட. கழற்றியவுடன் மூடியைப் போடுக. விரலோ வேட்டி முனையோ படக்கூடாது. முனைக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது ஆபத்து.

4. வளைவு: மூட்டைக்கு அடியிலும் கதவிடுக்கிலும் வயரை விடாதீர்கள். இறுக்கமாக மடித்தால் ஒளி கசியும்.

5. அளவு: வேலை முடிந்ததும் பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். வழக்கமான ஜிபான் இணைப்பில் மைனஸ் 27 பெட்டியின் கடைசி எல்லை. மைனஸ் 25ஐத் தாண்டினாலே முனையைத் துடைத்தோ மாற்றியோ தரக் கேளுங்கள்.

முத்திரையில்லாத தராசை நாம் கடையில் வைப்பதில்லை. மீட்டர் அளவைப் பார்க்காமல் வேலை முடிந்ததென்று கையெழுத்தும் போட வேண்டாம்.