கெடுவும் பெற்றரியும்

போனில் ஒரு பயான் கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் 'டக்' என்று ஒரு வெட்டு விழுகிறது. உடனே "போன் ஸ்லோவாப் போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். புதுப் போன் வாங்கும் யோசனையும் கூடவே வந்துவிடுகிறது. ஆனால் அநேகமான வேளைகளில் அங்கே குறைந்தது வேகமல்ல, ஒரு கெடு தவறியிருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

ஒலியை எடுத்துக்கொள்வோம். இலத்திரனியல் வடிவில் இருக்கும் ஒலி என்பது பொதுவாக ஒரு செக்கனுக்கு 48,000 எண்கள். போன் இவற்றை ஒவ்வொன்றாகக் கொடுப்பதில்லை, சிறு கட்டுகளாகக் கொடுக்கிறது. கட்டொன்றில் 480 எண்கள் என்றால், அந்தக் கட்டு ஒலித்து முடிய 10 மில்லிசெக்கன். அதற்குள் அடுத்த கட்டு தயாராகி நிற்க வேண்டும். அதைத் தயாரிக்க புரொசெஸருக்கு ஒரு மில்லிசெக்கன்தான் தேவை என்று வைத்துக்கொண்டால், மிச்சம் ஒன்பது மில்லிசெக்கனும் அதற்கு ஓய்வு. முதல் மில்லிசெக்கனில் செய்தாலும் சரி, ஒன்பதாவதில் தொடங்கினாலும் சரி, காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பதினொராவது மில்லிசெக்கனில் முடித்தால் மட்டும் அந்த 'டக்' விழும். திரையும் அப்படித்தான். செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கும் திரை என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லிசெக்கன், 120 தடவை என்றால் 8.3.

ஆக, இது அவசரமான வேலை அல்ல, கெடு உள்ள வேலை. அவசரம் என்பது 'இப்பவே செய்' என்பது. கெடு என்பது 'இதற்குள் செய்' என்பது. இந்த இரண்டாவதில்தான் பெற்றரியை மிச்சப்படுத்தும் இரகசியம் முழுவதும் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு வேலை எப்போது முடிய வேண்டும் என்று தெரிந்தவனால்தான் அதை ஆறுதலாகச் செய்ய முடியும். தெரியாதவன் ஒன்றில் எப்போதும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் எப்போதாவது பிந்த வேண்டும்.

பணிசெயல் முறைமைக்குள்ளே, எந்த வேலைக்கு எப்போது புரொசெஸரைக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் பகுதிக்கு ஷெடியூலர் என்று பெயர். அன்ட்ரொயிட் போன்களின் அடித்தளமாகிய லினக்ஸில் 2007ஆம் ஆண்டு வந்த ஷெடியூலரின் கொள்கை நியாயம். காத்திருக்கும் எல்லோருக்கும் அவரவர் பங்கைச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் கணக்கு. நல்ல கொள்கைதான், ஆனால் நியாயத்துக்கு நேரம் தெரியாது. உங்கள் பங்கு உங்களுக்குக் கிடைத்துவிடும், கெடு முடிந்து இரண்டு மில்லிசெக்கனுக்குப் பிறகு.

முன்னுரிமை கொடுத்தால் சரிதானே என்று கேட்கலாம். இதற்கு 1973ஆம் ஆண்டே லியூ, லேலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். அவர்களின் கட்டுரையை இந்தத் துறையின் அத்திவாரம் என்றே சொல்லலாம். ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒலி வேலை ஒவ்வொரு 10 மில்லிசெக்கனிலும் 4 மில்லிசெக்கன் கேட்கிறது. படவேலை ஒவ்வொரு 14 மில்லிசெக்கனிலும் 8 கேட்கிறது. அடிக்கடி வரும் ஒலிக்கே எப்போதும் முதலிடம் என்று வைத்தால், முதல் 4 ஒலிக்குப் போகும். அடுத்த 6 படத்துக்கு. பத்தாவது மில்லிசெக்கனில் ஒலி மறுபடி வந்து 4ஐ எடுத்துவிடும். 14 ஆகும்போது படவேலைக்கு இன்னும் 2 மிச்சம். கெடு போச்சு!

இதையே, யாருடைய கெடு முதலில் வருகிறதோ அவருக்கே முதலிடம் என்று மாற்றிப் பாருங்கள். பத்தாவது மில்லிசெக்கனில் ஒலியின் அடுத்த கெடு 20, படத்தின் கெடு 14. எனவே படவேலை தொடர்ந்து 12இல் முடிகிறது. ஒலி 12இல் தொடங்கி 16இல் முடிகிறது. இருவரும் தப்பினார்கள். ஒரே புரொசெஸர், ஒரே வேலை. மாறியது வரிசை மட்டுமே. நிலையான முன்னுரிமையில், வேலைகள் பலவாகும்போது புரொசெஸரின் ஏறத்தாழ 69 வீதம் வரைக்கும்தான் பொதுவான உத்தரவாதம் கொடுக்க முடியும் என்றும், முந்திய கெடுவுக்கு முதலிடம் என்ற முறையில் 100 வீதம் வரைக்கும் கொடுக்கலாம் என்றும் அந்த இருவரும் நிறுவினார்கள். (இது ஒற்றைப் புரொசெஸருக்கு. பல கோர்கள் வந்தால் கணக்கு இவ்வளவு இனிப்பாக இராது.)

இவ்வளவு தெளிவான விடயம் லினக்ஸுக்குள் வந்து சேர 2014 வரை சென்றது. இத்தாலியின் பீசா நகரிலுள்ள ஸந்த் அன்னா கல்வி நிறுவனத்தைச் சூழ்ந்த ஆய்வாளர்களின் உழைப்பு அது. 'ஷெட் டெட்லைன்' என்று பெயர். இதில் சேர விரும்பும் வேலை மூன்று எண்களைச் சொல்ல வேண்டும்: எனக்கு இவ்வளவு நேரம் வேண்டும், இந்தக் கெடுவுக்குள் வேண்டும், இத்தனைக்கு ஒரு தடவை வேண்டும்.

சொன்னவுடன் ஷெடியூலர் ஏற்றுக்கொள்வதில்லை. இதை விளக்க எனக்குத் தையற்கடையை விட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. நோன்பு இருபதைத் தாண்டிய பிறகு ஒரு நல்ல தையற்காரரிடம் துணியைக் கொண்டுபோய்ப் பாருங்கள். "ஏலா தம்பி. ஒங்கடத எடுத்தா, வாக்குக் குடுத்த மத்தவங்கட சட்ட பிந்தும்" என்பார். நமக்குக் கோபம் வரும். "எல்லாருக்கும் தாறன்" என்று துணியை வாங்கிப் போட்டுவிட்டு, பெருநாள் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒளிந்திருப்பவரும் இருக்கிறார். அவரிடம் போகும்போது கோபம் வருவதில்லை, பிறகுதான் வரும். ஷெட் டெட்லைன் முதலாவது ஆள். ஏற்கெனவே கொடுத்த வாக்குகளைக் கூட்டிப் பார்த்து, புதியதையும் சேர்த்தால் 95 வீதத்தைத் தாண்டுமென்றால் முகத்துக்கு நேரே மறுத்துவிடும். மிச்ச 5 வீதம் கெடு இல்லாத ஏழை வேலைகளுக்கு.

ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு கண்டிப்பு உண்டு. 4 மில்லிசெக்கன் என்று சொல்லிவிட்டு 6 எடுக்கப் பார்த்தால், நாலோடு நிறுத்தி அடுத்த தவணை வரை உட்கார வைத்துவிடும். ஒருவரின் பொய் அடுத்தவரின் கெடுவைத் தின்னக்கூடாது என்பதற்காக, அபேனி, புட்டாஸோ என்ற இருவர் 1998இல் முன்வைத்த முறை இது. பொய் சொன்னவருடைய வேலை மட்டுமே பிந்தும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இனி கரண்டுக்கு வருவோம். புரொசெஸர் உழைக்கும்போது செலவாகும் வலு, அதன் மீடிறனோடு நேராகவும், வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் கூடுகிறது. மீடிறனை மட்டும் பாதியாக்கினால் வேலை முடிய இரட்டை நேரமெடுக்கும். வலு பாதி, நேரம் இரண்டு மடங்கு, ஆகவே இலாபம் ஒன்றுமில்லை. ஆனால் மீடிறன் குறையும்போது குறைந்த வோல்ற்றளவே போதும். அதைப் பத்துக்கு ஏழாகக் குறைக்க முடிந்தால், ஏழின் வர்க்கம் 49. அதே வேலைக்குச் செலவாகும் சக்தி ஏறத்தாழப் பாதி! சைக்கிளை மேட்டில் விரட்டி மிதிப்பவனுக்கும் ஆறுதலாக மிதிப்பவனுக்கும் வேர்வையில் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எவ்வளவு ஆறுதலாக? இந்தக் கேள்வியில்தான் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள். 1994இல் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுகூடத்திலிருந்து வந்த ஆரம்ப ஆய்வொன்று, கடந்துபோன சிறு இடைவெளியில் புரொசெஸர் எவ்வளவு வேலையாக இருந்தது என்று பார்த்து அடுத்த இடைவெளிக்கான வேகத்தை ஊகிக்கும் வழியைக் காட்டியது. நேற்றைய கூட்டத்தைப் பார்த்து இன்றைக்குச் சோறு ஆக்குவது போல. சாதாரண வேலைகளுக்கு அது நன்றாகவே ஓடும். ஆனால் ஊகம் சராசரியைப் பார்க்கிறது, கெடுவோ சராசரியைப் பார்ப்பதில்லை. பத்துக் கட்டுகளில் ஒன்பது சரியான நேரத்துக்கு வந்தாலும், பத்தாவது பிந்தினால் காதில் விழுவது அந்த 'டக்'தான்.

2001இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிள்ளை, ஷின் என்ற இருவர் ஊகிப்பதை விட்டுவிட்டுக் கெடுவையே கேட்டார்கள். எல்லா வேலைகளும் சொன்ன எண்களைக் கூட்டினால் 50 வீதம்தான் வருகிறதா? அப்படியானால் புரொசெஸரைப் பாதி வேகத்தில் ஓட்டலாம், ஒரு கெடுவும் தவறாது. இது ஊகமல்ல, நிறுவப்பட்ட கணக்கு. இன்னும் ஒரு படி போனார்கள். 8 மில்லிசெக்கன் கேட்ட வேலை பல தடவைகளில் 3இலேயே முடிந்துவிடும், ஏனென்றால் கேட்கும்போது எல்லோரும் மிக மோசமான நிலையை நினைத்தே கேட்பார்கள். அந்த மிச்சத்தை உடனுக்குடன் திருப்பி எடுத்து வேகத்தை இன்னும் குறைக்கலாம். சக்தியில் 20 முதல் 40 வீதம் வரை மிச்சம் என்று கண்டார்கள்.

லினக்ஸ் இந்த இடத்துக்கும் ஆறுதலாகத்தான் வந்தது. மீடிறனைத் தீர்மானிக்கும் பகுதி 2016இல் ஷெடியூலரோடு நேரடியாகப் பேசத் தொடங்கியது. கேட்டும் பாவிக்காத நேரத்தைத் திருப்பி எடுக்கும் 'க்ரப்' என்ற முறை 2017இல் சேர்ந்தது. அடுத்த வருடமே அந்தக் கணக்கைக் கொண்டு மீடிறனைக் குறைக்கும் வழியும் திறந்தது. அதுவரைக்கும் கெடு உள்ள ஒரு வேலை வந்துவிட்டால் புரொசெஸர் உச்ச வேகத்துக்குப் போய்விடும், வேறு பாதுகாப்பான வழி இருக்கவில்லை. கூடவே ஒரு நுட்பமான சிக்கலையும் தீர்க்க வேண்டியிருந்தது. 4 மில்லிசெக்கன் என்று சொன்னது உச்ச வேகத்தில். வேகத்தைப் பாதியாக்கிவிட்டு நாலோடு நிறுத்தினால், அது வேலைக்குச் செய்யும் அநியாயம். எனவே குறைந்த வேகத்தில் ஓடும்போது கடிகாரமும் அதே விகிதத்தில் மெதுவாகக் கணக்கு வைக்கிறது.

ஆறுதல்தான் எப்போதும் சிக்கனம் என்று நினைத்துவிடவும் கூடாது. சும்மா விழித்திருக்கும் புரொசெஸரிலும் கரண்ட் கசிகிறது. சில சில்லுகளில், விரைவாக வேலையை முடித்துவிட்டு ஆழ்ந்து தூங்குவதே இலாபம். ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்ப நேரமெடுக்கும், சில பத்திலிருந்து சில நூறு மைக்ரோ செக்கன் வரை. பயானுக்கு இது ஒரு பொருட்டல்ல. ஒரு ரோபோவின் கையைச் செக்கனுக்கு ஆயிரம் தடவை திருத்தும் முறைமைக்கு அது பெரிய பிந்தல். அதனால்தான் அப்படிப்பட்ட கருவிகளை அமைப்பவர்கள் ஆழ்ந்த தூக்கத்தை முற்றாகத் தடுத்து, வேகத்தையும் உச்சத்தில் பூட்டி வைக்கிறார்கள். சுவரிலிருந்து கரண்ட் வருகிறவர்களுக்கு அது கட்டும். நமக்குக் கட்டாது.

நமது போனில் அடிக்கடி எழுப்பப்படுவதும் பெற்றரியைத் தின்கிறது. எனவே 2013இல் வந்த அன்ட்ரொயிட் 4.4 முதல், செயலிகள் வைக்கும் சாதாரண அலாரங்கள் சொன்ன நேரத்துக்கே அடிக்க வேண்டுமென்ற கட்டாயம் போனது. பல அலாரங்களைச் சேர்த்து ஒரே விழிப்பில் முடிப்பார்கள். 2015இல் ஆறாம் பதிப்போடு 'டோஸ்' வந்தது. சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போன் தூக்கத்துக்குப் போகும். இடையிடையே சிறிது கண் விழித்து, தேங்கிய வேலைகளைச் செய்துவிட்டு மறுபடி தூங்கும். நேரம் போகப்போக அந்த விழிப்புகளின் இடைவெளியும் நீளும்.

இப்போது ஸுபஹ் பாங்கை நினைத்துப் பாருங்கள். இரவு முழுக்க மேசையில் அசையாமல் கிடந்த போன். பாங்குச் செயலி சாதாரண அலாரத்தைத்தான் வைத்திருக்கிறதென்றால், அது அடுத்த விழிப்பு வரைக்கும் காத்திருக்கும். அதே போனை அதே இரவில் சார்ஜில் போட்டிருந்தால் டோஸ் வராது, அதனால் வரும் பிந்தலும் இல்லை. "ஒரு நாளைக்கு அடிக்கிது, ஒரு நாளைக்கு அடிக்கிதில்ல" என்று பலரும் சொல்லும் புதிரின் ஒரு விடை இதுதான். போனோடு வரும் மணிக்கூட்டு அலாரம் மட்டும் பிந்தாததற்குக் காரணம், அது 'இது மனிதனை எழுப்பும் அலாரம்' என்று அறிவிக்கும் தனி வழியைப் பாவிப்பது. அந்த அலாரம் அடிப்பதற்குச் சற்று முன்பே முறைமை டோஸிலிருந்து வெளியே வந்துவிடும். துல்லியமான அலாரத்துக்கு மற்றொரு வழியும் இருக்கிறது, ஆனால் டோஸில் ஒரு செயலிக்கு ஒன்பது நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. ஐந்து வேளைப் பாங்குக்கு அது தாராளம்.

அப்படியிருந்தும் ஏன் பிந்துகிறது? ஷெட் டெட்லைனில் வேலை தன் கெடுவைத் தானே சொல்கிறது, மறுத்தாலும் ஷெடியூலர் முகத்துக்கு நேரே மறுக்கிறது. அந்தக் கதவு சாதாரண செயலிகளுக்குத் திறந்ததில்லை, முறைமையின் விசேட அதிகாரம் வேண்டும். செயலிகளுக்கு மேலேயுள்ள அலாரக் கதவுதான் உண்டு. அங்கே கெடுவைச் சொல்லாத செயலிக்குக் கெடுவே இல்லையென்று முறைமை எடுத்துக்கொள்கிறது. 2021இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து கெடுவைச் சொல்வதற்கே அனுமதி கேட்க வேண்டும். 14ஆம் பதிப்பில், புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு அந்த அனுமதி நாம் கொடுக்கும் வரை இல்லை. கண்ட கண்ட விளம்பரச் செயலியெல்லாம் நள்ளிரவில் போனை எழுப்புவதைத் தடுக்க இது தேவையான கட்டுப்பாடு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறுப்பு முகத்துக்கு நேரே நடப்பதில்லை. செயலியைப் பாவிப்பவருக்கு விடியும் வரை எதுவும் தெரியாது. உடலின் சர்க்கரை அளவைத் தொடர்ந்து அளந்து போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவிகளை இன்று பலர் அணிகிறார்கள். அங்கே விடியும் வரை தெரியாமலிருப்பது சின்ன விடயமல்ல.

ஆகவே உங்கள் போனின் அமைப்புகளில் இரண்டு இடங்களைத் திறந்து பாருங்கள். பெயர்கள் போனுக்குப் போன் சற்று மாறும். ஒன்று, 'அலாரங்களும் நினைவூட்டல்களும்' என்ற அனுமதி. பாங்குச் செயலி அந்தப் பட்டியலில் இருந்தால், அதற்கு அது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். மற்றது, அந்தச் செயலியின் பெற்றரிப் பாவனை. அதைக் 'கட்டுப்பாடற்றது' என்று வையுங்கள். மருத்துவக் கருவியோடு வந்த செயலி என்றால் இரண்டையும் இன்றைக்கே பாருங்கள். மற்றச் செயலிகளை அப்படியே விட்டுவிடலாம், அவை தூங்குவதால்தான் பெற்றரி மாலை வரை நிற்கிறது.