உங்களுக்குத் தெரியுமா? பிடி அரிசியில் எழும்பிய பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பிரின்ஸ் எட்வர்டு என்ற கிராமப்புற வட்டாரத்தில் 1959-ல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்துப் பூட்டினார்கள், தெரியுமா? கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையர் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கச் சொன்னது நீதிமன்றம். வட்டார நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டும் அவசர அவசரமாக ஒரு தனியார் பள்ளி முளைத்தது. அரசுப் பள்ளிகளின் பூட்டு 1964-ல்தான் திறந்தது.

★

எங்கள் புதூர், கோவில்பட்டி, விருதுநகர் கரிசல் பக்கம் கதை தலைகீழ். இங்கே தனிப் பள்ளி கட்டியவர்கள், ஒதுக்கி வைக்கப்பட்ட நாடார்கள்.

★

கழுகுமலையில் 1895-ல் தேர் வீதியில் யார் ஊர்வலம் போகலாம் என்ற தகராறில் உயிர்கள் போயின. நாடார்களுக்கு எதிரான கலவரத்தில் 1899-ல் சிவகாசி எரிந்தது. கமுதிக் கோயிலுக்குள் 1897-ல் நாடார்கள் நுழைந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. கோர்ட்டில் தோற்றார்கள். பள்ளிக்கூடத்தில் தோற்கவில்லை.

★

விருதுநகர் சத்திரிய வித்யாசாலா 1880-களில் தொடங்கியது. பணத்துக்கு இரண்டு வழி. ஒன்று மகமை: பருத்திப் பொதி, மிளகாய் மூடை என்று சந்தைக்கு வரும் சரக்குக்கு வியாபாரிகள் தங்களுக்குள் தாங்களே போட்டுக்கொண்ட வரி. உறவின்முறை என்ற சாதிச் சங்கம் அதை வசூலித்துக் கிணறு, பேட்டை, பள்ளி என்று செலவழித்தது. இன்னொன்று பிடி அரிசி. உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். பள்ளிக்கென்று ஆள் வந்து வாங்கிப் போவார். மகமைக்குக் கணக்குப் புத்தகம் உண்டு. கலயத்தில் போட்ட கைகளுக்கு ஏது கணக்கு? ஆராய்ச்சிக்காரர்கள் மகமையைப் பற்றி எழுதிய அளவுக்குக் கலயத்தைப் பற்றி எழுதவில்லை என்பது என் குறை.

முக்கியமான செய்தி இதுதான்: ஒரு சாதியார் காசில் நடந்தாலும் அந்தப் பள்ளியின் கதவு எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது.

★

அந்த வித்யாசாலாவில் சம்பளம் கட்டாமல் படித்து, ஆறாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பையன் பிற்காலத்தில் முதலமைச்சர் ஆனார். காமராஜர்தான். மதிய உணவுத் திட்டத்தை 1956-ல் அவர் தொடங்கி வைத்த ஊர் எட்டயபுரம். எங்கள் ஊருக்குப் பக்கம் என்பதால் இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

★

சென்னை அடையாறில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகக் கர்னல் ஆல்காட் 1894-ல் தொடங்கிய இலவசப் பள்ளி, அவர் பெயராலேயே இன்றும் இருக்கிறது.

★

எல்லாத் தனிப் பள்ளியும் யோக்கியமில்லை. தேசபக்தியை ஊட்டுவதற்காகவே வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. காங்கிரஸ் பணமும் ஊர் நன்கொடையும் வாங்கிய பள்ளியில் இது எப்படி என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளப்பிய சண்டை, தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார். அதே வருஷம் பெரியார் காங்கிரஸை விட்டார்.

★

பள்ளிக்குப் போக பஸ் வேண்டாமா? தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டவர், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னை பாண்டி பஜாரில் இருக்கும் ‘பாண்டி’ இவர்தான்.

★

அரசு உதவி வாங்கும் எந்தப் பள்ளியும் சாதியைக் காட்டி மட்டும் இடம் மறுக்கக் கூடாது. அரசியல் சட்டம் 29(2) பிரிவு, 1950 முதல்.

★

நாங்குநேரியில் 2023-ல் ஒரு மாணவனைச் சாதிப் பகையில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்று 2024-ல் பரிந்துரைத்தது. உறவின்முறைப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளுக்கும் இது பொருந்தும். பெயரை எடுக்கட்டும், எனக்குச் சம்மதமே. பிடி அரிசிக் கதையை மட்டும் பள்ளிச் சுவரில் எழுதி வைத்தால் தேவலை.