வயிற்றில் பை அணிந்தவரும் ஆலய வழிபாடும்

பெருங்குடல் புற்றுநோய் சிங்கப்பூரில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று. அதற்கான அறுவைச் சிகிச்சையின்போது சிலருக்குக் குடலின் ஒரு பகுதியை வயிற்றின் முன்புறம் வெளியே கொணர்ந்து தைத்துவிடுவார்கள். குடல் அழற்சி, விபத்து, பிறவிக் குறைபாடு ஆகியவற்றாலும் இது தேவைப்படலாம். அந்தத் திறப்புக்கு ‘ஸ்டோமா’ என்று பெயர். கிரேக்க மொழியில் ‘வாய்’ என்று பொருள். பெருங்குடலில் அமைந்தால் கொலஸ்டமி, சிறுகுடலில் அமைந்தால் இலியோஸ்டமி, சிறுநீர் வெளியேற அமைத்தால் யூரோஸ்டமி. அடக்கி வைக்கும் தசை அங்கே கிடையாது. ஆகவே கழிவு, தோலில் ஒட்டிய ஒரு பையில் தானாகச் சேர்கிறது. சிலருக்குச் சில மாதங்களில் குடலை மீண்டும் உள்ளே இணைத்துவிடுவர். மற்றவர்களுக்கு அது ஆயுள் முழுவதும் உடன் இருக்கும்.

இத்தகைய அன்பர்கள் சந்தைக்குப் போவார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவார்கள். ஆலயத்திற்கு வருவதை மட்டும் நிறுத்திவிடுவார்கள். பல ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் பூத்தொடுக்க வந்த அம்மையார் ஒருவர் திடீரென்று வரவில்லை. வீட்டிற்குச் சென்று விசாரித்தேன். “உடம்பு சுத்தமில்லையே ஐயா, சந்நிதிக்கு எப்படி வருவது?” என்றார். “உங்களுக்குப் பையில் இருப்பது எங்களுக்கெல்லாம் வயிற்றுக்குள் இருக்கிறது அம்மா. அதைச் சுமந்துகொண்டுதான் நாங்களும் சந்நிதியில் நிற்கிறோம்” என்றேன். சிரித்துவிட்டார். ஆனாலும் என் பேச்சை மட்டும் நம்பவில்லை. அர்ச்சகரிடமும் கேட்டுத் தெளிந்த பிறகே வந்தார்.

இந்தக் கூச்சம் நம்மவருக்கு மட்டும் உரியதன்று. டென்மார்க்கில் எலிசா சோரென்சன் என்ற தாதியின் சகோதரி தோரா, ஸ்டோமா அமைந்தபின் கசிவுக்கு அஞ்சி வெளியே செல்லத் தயங்கினார். அவருக்காகவே எலிசா 1954-இல் தோலில் ஒட்டக்கூடிய, பயன்படுத்தியபின் எறிந்துவிடும் பையை உருவாக்கினார். இன்றைய பைகள் வாடையை வெளியே விடாத மென்தாளால் ஆனவை. பலவற்றில் காற்றை வடிகட்டும் கரியும் உண்டு. சரியாக ஒட்டியிருந்தால் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கே தெரியாது. பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்துவிட்டால் பாரத்தால் இழுபட்டுக் கசிவதும் குறையும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன், ஸ்டோமா பராமரிப்பில் பயிற்சி பெற்ற தாதி நோயாளியை உட்காரவும் நிற்கவும் குனியவும் சொல்லி, திறப்பு அமைய வேண்டிய இடத்தை வயிற்றில் குறிப்பார். வேட்டி, சேலை கட்டுபவர்கள் இடுப்பில் எங்கே கட்டுவோம் என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். கட்டு நேராக ஸ்டோமாவின் மேல் விழுந்தால் பிற்பாடு தினந்தோறும் தொல்லை. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குத் தடையில்லை. ஆனால் ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோலில் எண்ணெய்ப் பசை இருந்தால் பை ஒட்டாது.

விரதம் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். இலியோஸ்டமி உள்ளவர்களுக்கு நீரும் உப்பும் உடலிலிருந்து எளிதில் வெளியேறிவிடும். தண்ணீரும் அருந்தாமல் விரதமிருந்தால் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம். மருத்துவரைக் கேளாமல் இருக்கலாகாது; “ஒரு நாள்தானே” என்று வற்புறுத்தும் உறவினரும் சற்று அடங்க வேண்டும். கனமான காவடியும் அப்படியே: வயிற்றுத் தசை தளர்ந்து ஸ்டோமாவின் அருகே குடல் பிதுங்கக்கூடும். அன்னதானத்தில் தேங்காய், காளான், கடலை போன்றவற்றை அவர்கள் ஒதுக்கினால் காரணம் கேட்க வேண்டாம். சரியாக மெல்லாவிட்டால் அவை குடலை அடைத்துக்கொள்ளலாம். சோறும் தயிரும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும்.

பார்க்கச் செல்வோர் வயிற்றைக் காட்டச் சொல்வதும், “ஐயோ பாவம்” என்பதும் கூடாது. அதே அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நலமாக நடமாடும் ஒருவர் வந்து அரைமணி நேரம் பேசினால், நாம் பத்து முறை போய் ஆறுதல் சொல்வதைவிடப் பயன் அதிகம். அத்தகையோரைச் சங்கத்தின் வழியாகவோ மருத்துவமனைத் தாதியின் வழியாகவோ அறிமுகம் செய்துகொள்ளலாம்.

ஆலயங்கள் செய்ய வேண்டியது பெரிதல்ல. கழிவறை ஒன்றில் துணி மாட்ட ஒரு கொக்கி, பொருள்களை வைக்க ஒரு சிறு தட்டு, தண்ணீர்க்குழாய், மூடியுள்ள குப்பைத்தொட்டி இருந்தால் போதும். பையைக் கழிவறைக்குள் போட்டு நீர் ஊற்றக்கூடாது. கட்டித் தொட்டியில்தான் இட வேண்டும், ஆகவே தொட்டி கட்டாயம். மண்டபத்தின் ஓரத்தில் சில நாற்காலிகளும் வேண்டும். பூசையின் நடுவே எழுந்து சென்று திரும்புபவரை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்காதிருக்கத் தொண்டூழியர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். பைகளை மாதந்தோறும் வாங்கியாக வேண்டும். பலருக்கு அந்தச் செலவு பாரமாக இருக்கிறது. உதவ விரும்பும் நன்கொடையாளர்கள் மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேட்டு, நோயாளி எந்த வகை, எந்த அளவு பயன்படுத்துகிறார் என்று அறிந்தபின் வாங்குவது நல்லது. அளவு மாறிய பை எவருக்கும் உதவாது.