சொலூஷன் விற்றால் குற்றமா?

புல்மோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர், பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "தம்பி, ரியூப்புக்கு ஒட்டுப் போடுற சொலூஷனையும் மோந்து போதை ஏத்துறானுகளாம். அப்ப, வித்ததுக்கு என்னையும் பொலிஸ் புடிக்குமா?" ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

ஹெரோயினிலும் ஐஸிலும் சட்டத்துக்குக் குழப்பமில்லை. இலங்கையின் 1929ஆம் ஆண்டு நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டமும் அதற்கு 2022இல் வந்த திருத்தமும் பொருளையே தடுக்கின்றன. கையில் வைத்திருந்தாலே வழக்கு. சொலூஷன், தின்னர், பெற்றோல் எல்லாம் அப்படியல்ல. பைபர் படகுக்குப் பெயின்ற் அடிக்கிறவருக்குத் தின்னர் வேண்டும். பொருளைத் தடுத்தால் முதலில் அடிபடுவது தொழில் செய்கிறவர்தான்.

அப்படியென்றால் குற்றம் எங்கே இருக்கிறது? 1983இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்த வழக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே கடைக்காரர் இருவர் சின்னப் பிள்ளைகளுக்குப் பசை விற்றார்கள். வெறும் பசையாக அல்ல. முகர்வதற்குத் தோதாக, உருளைக்கிழங்குப் பொரியல் வந்த பைக்குள்ளும் பிளாஸ்ரிக் பைக்குள்ளும் ஊற்றிக் கொடுத்தார்கள். 'பசை விற்பது எந்தச் சட்டத்தில் குற்றம்?' என்று வாதாடியும் தப்ப முடியவில்லை. எதற்கு வாங்குகிறார்கள் என்று தெரிந்தே, உடம்பைக் கெடுக்கும் விதமாகக் கொடுத்ததுதான் குற்றம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தப் பை அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. 1985இல் பிரித்தானியா இதற்கெனவே தனிச் சட்டம் கொண்டுவந்தது: போதைக்காக முகரப்போகிறார் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தும், 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றால் ஆறு மாதம் வரை சிறை என்று அது சொன்னது.

ஒட்டுப் போட ஒரு ரியூப் சொலூஷன் வாங்குகிறவருக்கு விற்கும் காக்காவுக்கு இந்த அளவுகோலின்படி பயமில்லை. சைக்கிளே இல்லாத பொடியன் நாள் தவறாமல் வந்து கேட்கும்போதும் எடுத்துக் கொடுப்பவர்தான் யோசிக்க வேண்டும். முகர்வது சின்ன விளையாட்டல்ல. முதல் தடவையிலேயே இதயத் துடிப்புக் குழம்பிச் செத்தவர்கள் உண்டு.

தண்டனை மட்டும்தான் வழி என்றில்லை. எழுத்தை அழிக்கும் வெள்ளை மையைப் போத்தலில் சில்லறையாக விற்பதை இந்தியா 2012இல் தடுத்து, பேனா வடிவில் கொஞ்சமாக விற்க மட்டும் விட்டது. அவுஸ்திரேலியாவில் 2005இல் முகர்ந்தால் போதை தராத பெற்றோலை அறிமுகப்படுத்தினார்கள். அது போய்ச் சேர்ந்த பழங்குடி ஊர்களில் பெற்றோல் முகர்வது பெருமளவு குறைந்தது. எனக்கு இந்த வழிதான் அதிகம் பிடிக்கிறது. இதற்கு ஒருவரையும் மறியலில் போடத் தேவையில்லை.

எங்கள் நாட்டில் சொலூஷனைவிடப் பெரிய தலையிடி, பொலிஸார் அடிக்கடி பிடிக்கும் போதைக் குளிசைகள். அவற்றில் ப்ரீகபலின் முக்கியமானது. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் நல்ல மருந்து அது. சீனி வருத்தத்தால் இரவெல்லாம் பாதம் எரிகிற உம்மாவுக்கு அதனால்தான் நித்திரை வருகிறது. அதே குளிசையை அளவுக்கு மிஞ்சி, ஹெரோயினோடு சேர்த்துப் போட்டால் மூச்சே நின்றுபோகலாம். பிரித்தானியா 2019இல் அதைக் கட்டுப்பாட்டு மருந்துகளில் சேர்த்தது. ஆனாலும் வைத்தியர் எழுதிக் கொடுத்தால் அங்கே இன்றும் வாங்கலாம். இங்கேயும் வைத்தியரின் துண்டு இல்லாமல் பாமசியில் அதைக் கொடுக்கக் கூடாது. துண்டில்லாமல் அட்டை அட்டையாக விற்பவர் மேல் வழக்கு இறுகட்டும், நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதற்காக அந்த உம்மா ஊர் ஊராகப் பாமசி தேடி அலையும்படி ஆகக் கூடாது. பழக்கப்பட்ட பொடியனுக்கும் கூண்டு வேண்டாம். அவனுக்கு வைத்தியம் வேண்டும்.

தாய் தகப்பன்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையின் பொக்கற்றில் அட்டையைக் கண்டதும் பிடுங்கி எறிந்துவிட்டு, அவனை அறையில் போட்டுப் பூட்டாதீர்கள். கன நாள் கூடிய அளவில் போட்டு வந்த ப்ரீகபலினைச் சட்டென்று நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும், நித்திரை போய்விடும், சிலருக்கு வலிப்பும் வரும். அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். எத்தனை நாளாக, எத்தனை குளிசை என்று அவன் உள்ளதைச் சொன்னால், அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொண்டுவர வைத்தியரால் முடியும்.