கறுப்புத் தொலைபேசியின் கதை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

போடிநாயக்கனூரில் என் தாயார் ஏலக்காய் தரம் பிரிக்கச் செல்லும் கடையில், கணக்குப்பிள்ளையின் மேசைமீது கறுப்பு நிறத் தொலைபேசி ஒன்று பல ஆண்டுகளாகக் கிடந்தது. அது பேச்சை நிறுத்தி எத்தனையோ காலமாயிற்று. அதன் தலைமேல் ரசீதுக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சிறு வயதில் அதன் வட்டத் தகட்டைச் சுழற்றி விளையாடி ஏச்சு வாங்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு மின்னியல் பாடம் தொடங்கியதும், முதலாளியிடம் அனுமதி பெற்று அதன் வாய்ப்பகுதியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே பவுடர் டப்பா மூடியைப் போல ஓர் உலோகச் சிமிழ் இருந்தது. குலுக்கினால் கடுகு சலசலப்பது போன்ற ஒலி. அந்தச் சலசலப்பின் காரணத்தைத் தேடப் போய்த்தான் நூற்றைம்பது ஆண்டுக் கதை ஒன்று எனக்குக் கிடைத்தது.

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று பள்ளியில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்திருக்கிறோம். அது அவ்வளவு எளிய செய்தியன்று. 1876 பிப்ரவரி 14 அன்று பெல்லின் விண்ணப்பமும், எலிஷா கிரே என்பவரின் முன்னறிவிப்பும் ஒரே நாளில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தை அடைந்தன. மார்ச் 7-இல் உரிமை பெல்லுக்குக் கிடைத்தது. மார்ச் 10-இல் பாஸ்டன் நகரில், அடுத்த அறையில் இருந்த தம் உதவியாளர் வாட்சனைக் கருவி வழியே அழைத்தார் பெல். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1871-இல் அந்தோணியோ மெயூச்சி என்ற இத்தாலியர் முன்னறிவிப்பு ஒன்றைப் பதிவு செய்திருந்தார். வறுமையில் உழன்ற அவரது பதிவு 1874-க்குப் பின் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. 2002-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அவர் உழைப்பைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. பரீட்சைக் கட்டணத்தின் கடைசித் தேதியை நினைத்து உறக்கம் இழந்த என் போன்றோருக்கு மெயூச்சியின் மேல் தனிப் பரிவு உண்டாவதில் வியப்பில்லை.

1877-இல் வாடகைக்கு வந்த பெல்லின் கருவியில் ஒரு காந்தம், அதைச் சுற்றிய கம்பிச் சுருள், எதிரே மெல்லிய இரும்புத் தகடு ஆகியவையே முக்கிய உறுப்புகள். பேசினால் தகடு அதிரும். காந்தப் புலம் மாறும். சுருளில் மின்னோட்டம் பிறக்கும். மறுமுனையில் அதே மின்னோட்டம் இன்னொரு தகட்டை அதிரச் செய்யும். கருவி அழகானதுதான். ஆனால் மின்னோட்டம் முழுவதையும் பேசுகிறவரின் தொண்டையே உண்டாக்க வேண்டும். தொலைவு கூடக்கூடக் குரல் தேய்ந்துவிடும்.

இங்கேதான் நம் சிமிழ் வருகிறது. எடிசன் 1877-இல் கரியைப் பயன்படுத்தினார். அடுத்த ஆண்டு ஹன்னிங்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் கரியைத் துகள்களாக்கிப் போட்டார். மின்கலத்தின் மின்னோட்டம் அத்துகள்கள் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். குரல் தகட்டை அழுத்தும்போது துகள்கள் நெருங்கும், மின்தடை குறையும், மின்னோட்டம் கூடும். தகடு விலகினால் இதற்கு நேர்மாறு. அதாவது குரல் மின்னோட்டத்தை உண்டாக்குவதில்லை. மடையைத் திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சியைப் போல ஓடும் மின்னோட்டத்தை ஆளுகிறது. மழைக்காலத்தில் ஈரம் ஏறித் துகள்கள் ஒட்டிக்கொண்டால் குரல் அமுங்கும். பழைய வியாபாரிகள் பேச்சுக்கு நடுவே கைப்பிடியை உள்ளங்கையில் தட்டுவார்களாம். கோபத்தில் தட்டுகிறார்கள் என்றுதான் என் தாயார் அன்று நினைத்திருந்தார்.

கருவி கிடைத்துவிட்டது, யாருடன் யாரை இணைப்பது? முதலில் இரண்டு இடங்களுக்கு ஒரு கம்பி என்றே இழுத்தார்கள். பத்து வீடுகள் ஒன்றோடொன்று பேச 45 கம்பிகள் வேண்டும். நூறு வீடுகள் என்றால் 4,950. ஊரே கம்பிப் பந்தலாகிவிடும்! எல்லாக் கம்பிகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து அங்கே இணைத்துவிட்டால் நூறு வீடுகளுக்கு நூறு கம்பிகள் போதும். இதுவே இணைப்பகம், மக்கள் வழக்கில் எக்ஸ்சேஞ்ச். முதல் வணிக இணைப்பகம் 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரர்களுடன் திறக்கப்பட்டது. என் கருத்தில் தொலைபேசித் தொழில் பிறந்தது பெல்லின் அறையில் அன்று. இந்த நியூ ஹேவனில்தான். தொடக்கத்தில் இணைக்கும் வேலையைச் சிறுவர்கள் செய்தனர். அவர்களின் குறும்பு தாங்காமல் 1878 செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்மணியை அமர்த்தினார்கள். பிறகு அது பெரும்பாலும் பெண்களின் வேலையாயிற்று.

இந்தியாவுக்குத் தொலைபேசி தாமதமாக வரவில்லை என்பதே எனக்கு வியப்பளித்த செய்தி. 1880-இல் இரண்டு கம்பெனிகள் இணைப்பகம் அமைக்க அனுமதி கேட்டன. தந்தியைப் போல இதுவும் அரசின் தொழில் என்று சொல்லி அரசாங்கம் மறுத்தது. 1881-இல் மனம் மாறி, இங்கிலாந்தின் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்கு உரிமம் தந்தது. 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் இணைப்பகங்களும் திறக்கப்பட்டதாக மேஜர் பேரிங் அறிவித்தார். நியூ ஹேவனுக்குச் சரியாக நான்கு ஆண்டுகள் பின்பு, அதே தேதி! கல்கத்தாவில் கவுன்சில் ஹவுஸ் தெருவில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் 93 சந்தாதாரர்களுடன் வேலை தொடங்கிற்று. சென்னையில் ஜார்ஜ் டவுனின் எர்ரபாலு செட்டித் தெருவில் இணைப்பகம் அமைந்தது. துறைமுகத்துக்கும் வணிக நிறுவனங்களுக்கும் அது நடுவான இடம். பேச வேண்டிய அவசரம் யாருக்கு இருந்தது என்பதை அந்த முகவரியே சொல்லிவிடுகிறது.

அடுத்த பெரும் பாய்ச்சல், சவ அடக்கத் தொழில் செய்தவர் ஒருவரால் வந்தது. கான்சாஸ் நகரத்து ஆல்மன் ஸ்ட்ரோஜருக்கு வரவேண்டிய அழைப்புகளை, போட்டியாளரின் மனைவியான ஆபரேட்டர் தன் கணவருக்கே திருப்பிவிட்டார் என்றொரு கதை உண்டு. கதை எவ்வளவு மெய்யோ, ஆபரேட்டரே இல்லாத இணைப்பகத்துக்கு 1891-இல் அவர் காப்புரிமை பெற்றது மெய். 1892 நவம்பர் 3 அன்று இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் என்ற ஊரில் அது வேலை செய்யத் தொடங்கியது. ஏலக்காய் விலை பேசுகிறவர்களுக்கு ஸ்ட்ரோஜரின் கவலை உடனே விளங்கும்.

நான் விளையாடிய வட்டத் தகடு இக்கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாக வந்ததே. 4 என்ற எண்ணைச் சுழற்றி விட்டால், தகடு திரும்பும்போது மின்னோட்டத்தை நான்கு முறை வெட்டும். இணைப்பகத்தில் உள்ள ஒரு கரம் நான்கு படி மேலே ஏறும். அடுத்து 7 என்றால் அதே கரம் பக்கவாட்டில் ஏழு படி நகரும். பத்துத் தளம், தளத்துக்குப் பத்து முனை. ஆக நூறு பேரில் ஒருவரை அக்கரம் தேடிப் பிடித்துவிடும்.

இந்தியாவின் முதல் தானியங்கி இணைப்பகம் 1913-14-இல் 700 இணைப்புகளுடன் சிம்லாவில் அமைந்தது. வெள்ளைக்கார அரசு கோடையில் குடியிருந்த மலை அது. மலைகளிலும் மேல், கீழ் உண்டு போலும்! மூன்று பெருநகரங்களின் தனியார் தொலைபேசிக் கம்பெனிகளை அரசு 1943-இல் வாங்கிக்கொண்டது. 1948-இல் பெங்களூரில் ஐ.டி.ஐ. தொழிற்சாலை தொடங்கியது. எங்கள் கடைத் தொலைபேசியின் அடியில் உள்ள எழுத்து அந்தத் தொழிற்சாலையுடையதே.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளம். விடியுமுன் ஜீப்புகளில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. என் தாயாரின் தந்தை ஒரு தோட்டத்திலேயே தங்கி வேலை செய்தார். தோட்டத்து பங்களாவில் ஒரு தொலைபேசி, போடியில் ஒரு கடையில் ஒரு தொலைபேசி. இடையே மலை ஒன்றுதான். ஆனாலும் மாநிலம் வேறு. ட்ரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூவகைக் கட்டணம் உண்டு. 1989-ஆம் ஆண்டு ஆடி மழையில் தாத்தா காய்ச்சலில் விழுந்தார். மரம் முறிந்து கம்பி அறுந்து கிடந்ததால் இரண்டு நாள் அழைப்பே கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் ஜீப் ஓட்டுநர் ஒருவர் வந்து செய்தி சொன்னார். அம்மாச்சி மேலே போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். அப்போது நான்காம் வகுப்பில் இருந்த என் தாயார் சில ஆண்டுகளில் பள்ளியை விட்டுக் காய் பொறுக்கப் போனார்.

இந்தியாவில் 1960-லேயே லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே ஆபரேட்டர் உதவியின்றி நேரே எண் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வந்துவிட்டது. சிற்றூர்களுக்குப் பெரிய உதவியாக வந்தது, 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனத்தின் ஊரக மின்னணு இணைப்பகம். 128 முனைகள் கொண்ட அது, குளிர்சாதன வசதி இல்லாமலே நம் நாட்டு வெப்பத்தையும் தூசியையும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. முதலாவது 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவப்பட்டது. தாத்தாவின் கதைக்கு மூன்று ஆண்டுகள் முன்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

இன்று போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் முடிந்த சில நிமிடங்களில், ஒரு ஏக்கர் வைத்திருப்பவரும் அன்றைய விலையைக் கைப்பேசியில் அறிந்துகொள்கிறார். ஆயினும் அறுவடைக் காலத்தில் மலைக்குப் போகும் என் தாயார், தோட்டத்தின் ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் என்னோடு பேச முடிகிறது. பகல் ஒரு மணி உணவு வேளையில் அந்தப் பாறையில் வரிசை உண்டாம்.

முதலாளி மனமுவந்து அந்தக் கறுப்புத் தொலைபேசியை நம் இயற்பியல் துறைக்கே தந்துவிட்டார். ஆய்வகத்தில், ஜன்னலோர அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. சிமிழின் இரு முனைகளை முள் வைத்த மல்டிமீட்டரில் இணைத்து மின்தடை அளவில் வைத்துக்கொண்டு, தகட்டின்மேல் மெல்ல ஊதிப் பாருங்கள். முள் ஆடும். ஆடாவிட்டால் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஊதுங்கள்.