குளிரில் வெளுக்கும் விரல்கள்

கொடைக்கானல் மலையில் இன்று புதிதாக எழும்பும் கூரைகளில் பல தகர ஷீட் கூரைகள். நாயுடுபுரத்தில் வீட்டுக்கு மேல் ஒரு அறை எடுத்தாலும், மன்னவனூரில் பூண்டு உலர்த்தக் கொட்டகை போட்டாலும், வேலையின் பெரும்பகுதி ஸ்க்ரூ மெஷினில்தான் நடக்கிறது. ஒரு நடுத்தரக் கூரைக்கே நூற்றுக்கணக்கான ஸ்க்ரூ இறங்கும். வாகனப் பட்டறையிலோ வீல் நட்டைக் கழற்ற, பூட்ட இம்பாக்ட் ரெஞ்ச். இந்த மெஷின்களால் ஷாக் அடிக்கும், கை மாட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுமார் 7,000 அடி உயரத்தில் அவற்றைப் பிடித்து வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. அதைப் பற்றி யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

அதிர்வு விரலுக்குள் செய்வது

அடித்து அடித்து இறுக்கும் மெஷினின் அதிர்வு, உள்ளங்கை வழியாக விரல் நுனி வரை போகிறது. அங்கே உள்ள நுண்ணிய நரம்புகளும் மெல்லிய இரத்தக் குழாய்களும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அடிபட்டுக் கெடுகின்றன. முதலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு. இரவில் தூக்கத்தில் கை மரத்துப்போகும், உதறினால் சரியாகும். அடுத்து, சட்டைப் பொத்தானைப் போடவும் சிறிய ஸ்க்ரூவைப் பொறுக்கவும் விரல் தடுமாறும். அதன்பின் குளிர் பட்டவுடன் விரல் நுனி சுண்ணாம்பு போல வெளுக்கும். சிறிது நேரத்தில் நீலமாகி, இரத்தம் திரும்பும்போது சிவந்து கடுமையாக வலிக்கும். தொடக்கத்திலேயே மெஷினை விட்டு விலகினால் ஓரளவு மீளலாம். முற்றிய பிறகு போன உணர்ச்சி திரும்புவதில்லை.

சமவெளியில் மறைவது, மலையில் தெரிவது

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவது உடலின் இயல்பு. அதிர்வால் கெட்ட குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கி, இரத்தத்தையே நிறுத்திவிடுகின்றன. அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-ல் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் வெட்டுபவர்களைப் பரிசோதித்தபோது, குளிர்ந்த காலைகளில்தான் அவர்களின் விரல்கள் வெளுப்பதைப் பதிவு செய்தார். பின்னாளில் வியட்நாமின் வெப்பமான பகுதியில் பாறை துளைப்பவர்களை ஆராய்ந்தவர்கள் அங்கே விரல் வெளுப்பைக் காணவில்லை. மரத்துப்போகும் தொல்லை மட்டும் இருந்தது.

வத்தலகுண்டில் வெயிலில் வேலை செய்பவருக்கும் நரம்பு கெடத்தான் செய்கிறது, விரல் மட்டும் வெளுத்துக் காட்டுவதில்லை. அதே ஆள் மார்கழி, தை உறைபனியில் பூம்பாறைக்கு வந்து, காலை ஏழு மணிக்குச் சில்லிட்ட தகரத்தின் மேல் ஏறினால் காட்டிவிடும். நம் நாட்டில் இந்த நோயைப் பற்றிய பேச்சே குறைவாக இருப்பதற்கு நம் வெயிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மலையில் அந்த மறைப்பு இல்லை.

எந்த மெஷின், எவ்வளவு நேரம்

கிளட்ச் வைத்த சாதாரண ஸ்க்ரூ மெஷினில் அதிர்வு குறைவு. அடித்து இறுக்கும் இம்பாக்ட் வகைகளில்தான் அதிகம். ஷீட் வேலைக்கு இம்பாக்ட் வேண்டியதில்லை என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். அதிகமாக இறுக்கினால் ரப்பர் வாஷர் நசுங்கி, ஐப்பசி மழையில் கூரை ஒழுகும். கூரைக்கும் கைக்கும் சேர்த்தே நல்லது கிளட்ச் மெஷின்.

மெஷினோடு வரும் கையேட்டில் அதன் அதிர்வு அளவு m/s² அலகில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் வகுத்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையின் சராசரி அதிர்வு 2.5-ஐத் தாண்டினால் முதலாளி தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு இரட்டிப்பானால் அனுமதிக்கும் நேரம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆக, 10 என்று போட்டிருக்கும் இம்பாக்ட் மெஷினை அரை மணி நேரம் ஓட்டினாலே முதல் எல்லை வந்துவிடும்; இரண்டு மணி நேரத்தில் கடைசி எல்லை. விசையை அழுத்தி மெஷின் ஓடும் நேரம் மட்டுமே இதில் கணக்கு. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டினால் ஆளுக்குப் பாதி நேரம்தான் சேரும்.

தேய்ந்த பிட்டைத் தூக்கிப் போடுங்கள். தேய்ந்தது வழுக்கும், வழுக்கினால் இன்னும் அழுத்துவோம், அழுத்தினால் அதிர்வு கைக்குள் கூடுதலாக ஏறும். மெஷின் கையை விட்டுப் போகாத அளவுக்குப் பிடித்தால் போதும்.

கைக்குச் சூடு

மலைத் தொழிலாளிக்குக் கையைச் சூடாக வைத்திருப்பதுதான் முதல் பாதுகாப்பு. வேலை தொடங்குமுன் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், சூடான டம்ளரைப் பிடித்தாலும் சரி. ராத்திரி மெஷினை வெளியே போட்டுவைத்தால் காலையில் பனிக்கட்டியைப் பிடிப்பது போலிருக்கும், வீட்டுக்குள் வையுங்கள். கையுறை விரலோடு ஒட்டி இருக்க வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். அதிர்வு தாங்கும் கையுறை என்று விற்கிறார்கள். அது அதிர்வைப் பெரிதாகக் குறைக்காது, சூட்டைக் காப்பதே அதன் உண்மையான பயன். தொளதொளப்பான நூல் கையுறை சுழலும் பிட்டில் சிக்கினால் விரலையே முறுக்கிவிடும். மப்ளர் நுனியும் ஸ்வெட்டர் நூலும் அப்படித்தான். மப்ளரைச் சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

குளிருக்கு இதமாக ஒரு பீடி என்று பலர் பற்ற வைக்கிறார்கள். நிகோட்டின் விரல் குழாய்களை மேலும் சுருக்கும். விரல் வெளுக்கத் தொடங்கியவர் கட்டாயம் விட வேண்டிய பழக்கம் அது.

மூடுபனியில் மின்சாரம்

பகலிலேயே மேகம் இறங்கி எல்லாம் நனையும் ஊரில், இழுத்து ஒட்டிய ஒயரோடு தகரக் கூரையில் நிற்பது உயிரோடு விளையாட்டு. பேட்டரி மெஷினில் இந்தப் பயம் இல்லை. ஒயர் மெஷின்தான் உண்டென்றால், 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத் தடுப்பு சுவிட்ச் வழியாக மட்டும் இணைப்பு எடுங்கள். பிட் மாற்றும்போது பேட்டரியையோ பிளக்கையோ கழற்றிவிடுங்கள். பிட் சட்டென்று மாட்டிக்கொண்டால் மெஷின் மணிக்கட்டைத் திருகும். கூரை விளிம்பில் அந்த ஒரு திருகல் ஆளையே தள்ளிவிடும் என்பதால் பாதுகாப்புக் கயிறு இல்லாமல் ஏறக் கூடாது.

மருத்துவரிடம் எதைச் சொல்வது

தொழில் கொடுத்த நோயை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் கொடைக்கானல் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-ல்தான் வந்தது. அங்கே ஒரே கம்பெனி, ஒரே வளாகம் என்றாவது இருந்தது. இன்று ஒரு மேஸ்திரி, நாளை வேறொருவர் என்று வேலை செய்யும் ஷீட் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்து, அட்டையைப் புதுப்பித்து வைத்திருப்பது நல்லது. எந்த வருடம் முதல் எந்த மெஷின், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கை மரத்துப்போகிறது என்று மட்டும் சொன்னால் சர்க்கரை நோயா, கழுத்து எலும்புத் தேய்மானமா என்றுதான் மருத்துவர் முதலில் யோசிப்பார். செய்யும் வேலையைச் சொல்லுங்கள், சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையையும் காட்டுங்கள். அவற்றில் சில வகைகள் விரல் வெளுப்பைக் கூட்டக்கூடியவை. மருத்துவமனை வரிசையில் உங்கள் முறை வருவதற்குள் விரல் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அதனால் வெளுத்திருக்கும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, இரண்டு கையும் தெரியும்படி செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.