இரண்டரை விநாடி வேட்டை

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிரீன் பே பேக்கர்ஸ் அணி, மைக்கா பார்சன்ஸ் என்ற ஆட்டக்காரருடன் நான்கு ஆண்டுகளுக்கு 18.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அது போதாதென்று, அவரைக் கொடுத்த டாலஸ் கௌபாய்ஸ் அணிக்கு ஒரு மூத்த ஆட்டக்காரரையும், அடுத்த ஆண்டுகளில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று உரிமைகள் இரண்டையும் தாரை வார்த்தது. பார்சன்ஸ் பந்தை எறிபவரும் இல்லை, பிடிப்பவரும் இல்லை. எதிரணியில் பந்தை எறிபவர் மீது, அவர் எறிவதற்கு முன் போய் விழுவதுதான் அவருடைய முதன்மையான வேலை.

அமெரிக்கக் கால்பந்தில் இந்த வேலை செய்பவருக்கு 'பாஸ் ரஷர்' என்று பெயர். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பேர் மதில் கட்டி நிற்பார்கள். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 140 கிலோ. அந்த மதிலின் இரு முனைகளிலும் நிற்பவர்களுக்கு டேக்கிள் என்று பெயர். டேக்கிளைத் தாண்டி, அவருக்குப் பின்னால் ஏழெட்டு கஜம் தள்ளி நிற்கும் குவார்ட்டர்பேக்கை ரஷர் எட்டிப் பிடிக்க வேண்டும். கையில் இருக்கும் நேரம் கிட்டத்தட்ட இரண்டரை விநாடி. அதற்குமேல் போனால் பந்து பெரும்பாலும் பறந்துவிடும். எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைக் கீழே சாய்த்தால் அது ஒரு 'சாக்'.

இந்த வேலையின் மதிப்பை உலகுக்குக் காட்டியவர் லாரன்ஸ் டெய்லர். 1981இல் நடந்த புதியவர்கள் தேர்வில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அவரை ஒட்டுமொத்தத்தில் இரண்டாவது ஆளாக எடுத்தது. சாக்கை அதிகாரபூர்வமாகக் கணக்கில் எடுக்கத் தொடங்கியதே அதற்கு அடுத்த ஆண்டுதான். 1986இல் 20.5 சாக்குகளுடன் என்.எஃப்.எல். தொழில்முறைப் போட்டியின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை அவர் பெற்றார். தற்காப்புப் பக்கம் ஆடும் ஒருவர் அந்த விருதை வாங்குவது அது இரண்டாவது முறைதான். அவரைத் தடுக்கவேண்டிய கட்டாயத்தில்தான் இடது முனையில் நிற்கும் டேக்கிளின் சம்பளமும் மெல்ல உயர ஆரம்பித்தது.

இப்படிப்பட்டவர்களை எங்கே பிடிப்பது? கல்லூரி மைதானங்களில். ஆண்டுதோறும் ஏப்ரலில் நடக்கும் 'டிராஃப்ட்' ஏழு சுற்றுகள் கொண்டது. 32 தொழில்முறை அணிகளும் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை. புதியவரின் சம்பளம் அவர் தேர்வான வரிசை எண்ணைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயமாகிவிடும். ஆகவே நல்ல ரஷர் ஒருவரை டிராஃப்டில் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், சந்தை விலையில் ஒரு சிறு பங்குக்கு நான்கு ஆண்டுகள் அவருடைய உழைப்பு கிடைக்கும். தவறாகக் கண்டுபிடித்தால் முதல் சுற்று உரிமை ஒன்று குப்பைக்குப் போகும். அதனால்தான் ஸ்கவுட் எனப்படும் தேர்வாளர்கள் ஆண்டு முழுக்க ஊர் ஊராக அலைகிறார்கள்.

கல்லூரியில் யார் அதிக சாக் எடுத்தாரோ அவரை எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். சில சமயம் அது சரியாகவே வரும். 2002இல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய டெரல் சக்ஸ் ஒரே பருவத்தில் 24 சாக் எடுத்தார்; அது கல்லூரி அளவில் சாதனை. ஓட்டத் தேர்வில் அவர் மந்தமாக ஓடினார் என்று பல அணிகள் முகம் சுளித்தன. பத்தாவது இடம்வரை கீழே வந்தவரை பால்டிமோர் ரேவன்ஸ் எடுத்தது. தொழில்முறையில் 139 சாக்குகளுடன் அவர் ஓய்வுபெற்றார்.

ஆனால் 2007இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 14 சாக் எடுத்த வெர்னன் கோல்ஸ்டனும் இருக்கிறார். அவருக்கு எண்ணிக்கையும் இருந்தது, உடம்பும் இருந்தது. 102 கிலோ எடையை 37 முறை தூக்கிக் காட்டினார். நியூயார்க் ஜெட்ஸ் 2008இல் அவரை ஆறாவதாக எடுத்தது. மூன்று பருவங்கள், 45 ஆட்டங்கள். சாக் ஒன்றுகூட இல்லை.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் டேனியல் ஹண்டர். லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவருடைய கடைசிப் பருவத்தின் மொத்தக் கணக்கு 1.5 சாக். (இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை.) 2015இல் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அவரை 88ஆவது இடத்தில், மூன்றாம் சுற்றில் எடுத்தபோது அவருக்கு வயது 20. 2018, 2019 ஆகிய இரண்டு பருவங்களிலும் தலா 14.5 சாக் எடுத்தார்.

இவ்வளவு ஏறுமாறு வரக் காரணம், சாக் என்பது பல பேர் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தின் கடைசி வரி. குவார்ட்டர்பேக் பந்தை விடாமல் வைத்துக்கொண்டு திணறினாலும் சாக் விழும். பக்கத்தில் உள்ளவர் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வழிவிட்டாலும் விழும். எதிரில் நிற்கும் டேக்கிள், படிப்பு முடிந்ததும் வங்கி வேலைக்குப் போகப்போகிற பையனாக இருந்தாலும் விழும். எனவே அனுபவமுள்ள ஸ்கவுட் முதலில் செய்வது கழித்தல் கணக்கு. பந்தை உடனே எறிந்துவிட்ட தருணங்களைக் கழிப்பார், தடுக்க ஆளே வராத தருணங்களைக் கழிப்பார். பிற்பாடு தொழில்முறைக்குப் போகக்கூடிய தரமுள்ள டேக்கிள்களுக்கு எதிராக ஆடிய ஆட்டங்களைத் தனியே எடுத்துவைப்பார். ஒரு பருவத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை ஆட்டப்படத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டி ஓட்டிப் பார்ப்பார். சாக் ஆனதா என்பதைவிட, தடுப்பவரை இரண்டரை விநாடிக்குள் வென்றாரா என்பதே கேள்வி. தொழில்முறை ஆட்டங்களில் தோள்பட்டைக் கவசத்துக்குள் சில்லு வைத்து இதையே எந்திரக் கணக்காகவும் எடுக்கிறார்கள்.

அந்த இரண்டரை விநாடிக்குள் என்ன நடக்கிறது? பந்து எப்போது அசையும் என்பது எதிரணிக்குத் தெரியும், ரஷருக்குத் தெரியாது. அவர் பந்தையே பார்த்துக்கொண்டு கையை ஊன்றிக் குனிந்திருக்கிறார். அசைந்த கணத்தில் பின்னங்காலை உதைத்து வெளியே பாய்கிறார். டேக்கிள் பக்கவாட்டில் சறுக்கிச் சறுக்கிப் பின்வாங்குகிறார். மூன்றாவது அடியில் ரஷர் அவருடைய இடுப்புக்கு இணையாக வந்துவிட்டால் பாதி வெற்றி. வராவிட்டால் அதற்குப்பின் செய்வதெல்லாம் முக்கால்வாசி வீண். அடுத்து கைகள். டேக்கிளின் இரண்டு உள்ளங்கையும் ரஷரின் மார்பில் பதிந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவை நீளும் நேரம் பார்த்து மணிக்கட்டில் வெட்டித் தட்டிவிட வேண்டும். அரைக்கணம் முந்தினால் காற்றில் வெட்டியதாகும், பிந்தினால் மாட்டிக்கொள்வார்.

கைகளைத் தட்டிவிட்டபின் வருவதுதான் கற்றுக்கொடுக்க மிகக் கடினமானது. ரஷர் இதுவரை நேராக ஓடிக்கொண்டிருந்தார். குவார்ட்டர்பேக் இருப்பதோ உள்பக்கம். வேகம் குறையாமல் திரும்ப வேண்டும். வளைவில் பைக்கைச் சாய்த்து ஓட்டுபவர் போல உடம்பு முழுவதும் உள்ளே சாய்கிறது. உள்தோள் தரைக்கு அருகே போகிறது, கணுக்கால் நம்பமுடியாத கோணத்தில் மடங்குகிறது. முதுகின்மேல் 140 கிலோ ஆள் சாய்ந்து தள்ளும்போதே இது நடக்க வேண்டும். டென்வர் பிராங்கோஸ் அணிக்கு ஆடிய வான் மில்லர் இதில் மன்னர்; 50ஆவது சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் போனது. கணுக்காலும் இடுப்பும் இப்படி மடங்காதவர்களை எவ்வளவு பயிற்சி கொடுத்தும் மடக்கிவிட முடியாது.

இதெல்லாம் படத்தில் பார்ப்பது. உடம்பை அளப்பதற்கென்று தனியே ஒரு திருவிழா உண்டு. 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் 'கம்பைன்' அது. 40 கஜ ஓட்டம், நின்ற இடத்தில் எழும்பும் உயரம், முன்னால் தாவும் நீளம், எடை தூக்கல், மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடுதல் என்று அடுக்கடுக்காகச் சோதனைகள். எடை தூக்குவதை நான் பெரிதாக மதிப்பதில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு தள்ளும் நிலை ஆட்டத்தில் ரஷருக்கு வருகிறதென்றால், அவரை ஏற்கெனவே கவிழ்த்துவிட்டார்கள் என்று பொருள். 40 கஜ ஓட்டத்திலும் முதல் 10 கஜம்தான் பயன்படும் தகவல். அவர் வேலையே அந்தத் தூரத்துக்குள் முடிந்துவிடும். ரஷர்களைப் பொறுத்தவரை கூம்பு ஓட்டம் மதிப்புள்ளது. திரும்பும்போது வேகம் செத்துப்போகிறதா என்பதை அது காட்டிவிடும். ஏழு விநாடிக்குக் கீழே ஓடுபவரைக் குறித்துவைத்துக்கொள்வார்கள்.

சோதனைக்கென்றே தயாராகி வருபவர்களும் உண்டு. பாஸ்டன் காலேஜின் மைக் மாமுலா 1995 கம்பைனில் அசத்தினார். ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணி 12ஆவது இடத்திலிருந்து விலைகொடுத்து மேலேறி ஏழாவது இடத்தில் அவரை எடுத்தது. அவர் மோசமில்லை, மொத்தம் 31.5 சாக் எடுத்தார். ஆனால் ஈகிள்ஸ் விட்டுக்கொடுத்த அந்த 12ஆவது இடத்தில் டாம்பா பே அணி எடுத்தது வாரன் சாப்பை. பிற்பாடு புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர் அவர்.

படமா, உடம்பா என்ற வழக்கு மிகத் துலக்கமாக வெளியே தெரிந்தது 2022இல். மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஏடன் ஹட்சின்சன் அதற்கு முந்தைய பருவத்தில் 14 சாக் எடுத்திருந்தார். பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டை வீழ்த்திய ஆட்டத்தில் மட்டும் மூன்று. குறை என்னவென்றால் கை நீளம். ரஷருக்கு 33 அங்குலமாவது இருக்கவேண்டும் என்பது பலரும் சொல்லும் கணக்கு, அவருக்கு 32ஐச் சற்றே தாண்டியது. மறுபக்கம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டிராவன் வாக்கர். கடைசிப் பருவத்தில் வெறும் ஆறு சாக். ஆனால் கை 35.5 அங்குலம். 123 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு 40 கஜத்தை 4.51 விநாடியில் ஓடினார். அவர் ஆடிய அணி அவரைத் துரத்தவிடாமல் பெரும்பாலும் இடத்தைக் காக்கச் சொன்னது என்ற நியாயமும் அவர் பக்கம் இருந்தது. ஜாக்சன்வில் ஜாகுவர்ஸ் வாக்கரை முதலாவதாக எடுத்தது. அடுத்த நிமிடங்களிலேயே டெட்ராய்ட் லயன்ஸ் ஹட்சின்சனை அள்ளிக்கொண்டது.

முதல் ஆண்டில் வாக்கர் 3.5, ஹட்சின்சன் 9.5. அடுத்த இரு பருவங்களில் வாக்கர் 10, 10.5 என்று ஏறினார். ஆகவே அவரைத் தோல்வி என்று சொல்வது அநியாயம். ஹட்சின்சனோ இரண்டாம் ஆண்டில் 11.5. மூன்றாம் ஆண்டில் கால் எலும்பு முறிவதற்குள் ஐந்தே ஆட்டங்களில் 7.5. கை நீளம் குறைந்தவர் எப்படி முந்தினார்? அவருடைய கூம்பு ஓட்டம் 6.73 விநாடி. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றையும் அவருடைய கல்லூரி ஆட்டப்படத்தில் பார்க்கலாம்: தடுக்கப்பட்டால் அவர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. வெளியே போவதுபோலக் காட்டி டேக்கிளை வெளியே இழுத்துவிட்டு, சட்டென்று உள்ளே வெட்டுகிறார். டேக்கிள் குதிகாலில் சாய்ந்துவிட்டால் நேராக மோதித் தள்ளுகிறார். ஒன்று அடைபட்டால் இன்னொன்று தயாராக இருக்கிறது.

என் கணக்கில் எடைபோட வேண்டிய முதல் விஷயம் இதுதான். கல்லூரியில் வேகம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் நாலு வருஷம் ஓட்டிவிடலாம். எதிரே நிற்பவர் பாதி நாள் சாதாரண ஆள்தான். தொழில்முறையிலோ மூன்றாவது வாரத்துக்குள் அவருடைய ஒரே வித்தையை எல்லா அணிகளும் படம் போட்டுப் பார்த்துவிடும். அதன்பின் என்ன செய்வது என்று தெரியாதவர்கள்தான் காணாமல் போகிறார்கள். டுவைட் ஃப்ரீனி உயரம் குறைந்தவர். வெளிப்பாய்ச்சலுக்கு இணையாக, உள்ளே சுழன்று திரும்பும் வித்தை ஒன்றையும் வைத்திருந்தார். அவற்றைக் கொண்டு 125.5 சாக் எடுத்தார்.

2019 டிராஃப்டில் ரெய்டர்ஸ் அணி ஒரே நேரத்தில் இரண்டு விதப் பாடமும் படித்தது. நான்காவது இடத்தில், சாம்பியன் கல்லூரியான கிளெம்சனின் கிளீலின் ஃபெரலை எடுத்தார்கள். 106ஆவது இடத்தில், ஈஸ்டர்ன் மிஷிகன் என்ற சிறிய அணியிலிருந்து மாக்ஸ் கிராஸ்பி என்ற ஒல்லி இளைஞரை எடுத்தார்கள். கிராஸ்பி முதல் ஆண்டிலேயே 10 சாக் எடுத்தார். ஃபெரல் அந்த அணியில் நான்கு ஆண்டுகள் இருந்து எடுத்ததும் மொத்தம் 10. படம் பார்ப்பவர்களும் அளப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்தாலும் இப்படி ஆவதுண்டு. மனிதர்கள் வளரும் வேகத்தை அளக்க இண்டியானாபொலிஸில் கருவி இல்லை.

கல்லூரி ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். இணையத்தில் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், ஒரு கால் பகுதி நேரம் பந்தை விட்டுவிடுங்கள். வரிசையின் ஓரத்தில் குனிந்து நிற்பவரை மட்டும் பாருங்கள். அவருடைய முதல் பாய்ச்சலை டேக்கிள் தடுத்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். எத்தனை சாக் எடுத்தார் என்பதை ஆட்டம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.